வவுத்தால போவுது: இதை எப்படி டைப் அடிப்பது?

(மூன்றாமாண்டு, மாடர்ன் ஆபீஸ் பிராக்டிஸ்)

டைப்ரைட்டிங் ஹையர் முடித்த நம்மில் பலரும் ஒரு தடவையாவது கேட்டிருக்கும் கேள்வி, "மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் போகலாமா?" என்பது. 1990-களின் பின்பாதியில் சென்னை, பெங்களூர், கோவை மாதிரி ஊர்களில் இந்த வேலை மளமளவென்று பரவியது. அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், குறிப்பைத் தன் வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அங்கே ராத்திரி என்றால் நமக்குப் பகல். இங்கே ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கால் பெடலை அழுத்தி நிறுத்தி, திரும்பக் கேட்டு, டைப் அடித்து அனுப்புவார். அங்கே விடியும்போது ரிப்போர்ட் மேஜைமேல் இருக்கும். இப்போது பேச்சைக் கம்ப்யூட்டரே எழுத்தாக்கிவிடுவதால் அந்த வேலை குறைந்து, கம்ப்யூட்டர் எழுதியதைச் சரிபார்க்கும் வேலையாக மாறியிருக்கிறது.

வேலை குறைந்தாலும், அந்தத் தொழில்காரர்கள் யோசித்து வைத்த விஷயம் ஒன்று நமக்கு உதவும். வாயால் பேசும் கொச்சைச் சொல்லை மருத்துவக் குறிப்பில் எப்படி எழுதுவது என்பதே அது. நான் கொல்லிமலைக்காரி. அவர்கள் ஆங்கிலத்துக்குப் போட்ட விதியை எங்க மலைப் பேச்சுக்கு வைத்துப் பார்த்தால் என்ன ஆகிறது என்று இங்கே எழுதுகிறேன்.

டாக்டர் பேசும் கொச்சை

முதலில் ஆங்கிலப் பக்கத்தை முடித்துவிடலாம். டாக்டர்கள் அவசரக்காரர்கள், முழுச் சொல்லையும் சொல்ல மாட்டார்கள். குடல்வால் ஆபரேஷனான அப்பெண்டெக்டமியை "அப்பி" என்பார்கள். எலக்ட்ரோலைட்ஸ் என்பதில் வாலை மட்டும் பிடித்து "லைட்ஸ்" என்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் அதை விளக்கு என்று நினைத்து அடித்தால் நோயாளியின் ரத்தத்தில் விளக்கு எரியும்! டிகாக்சின் என்ற இதய மருந்து "டிஜ்" ஆகிவிடும். இதய பைபாஸ் ஆபரேஷனுக்கு சி.ஏ.பி.ஜி. என்று நான்கெழுத்து, அதை ஒரே மூச்சில் "கேபேஜ்" என்று உச்சரிப்பது அங்கே வழக்கம். காதில் விழுந்தபடி அடித்தால், நெஞ்சைத் திறந்து முட்டைக்கோசு வைத்துத் தைத்ததாக ஆகும்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்காக அமெரிக்காவில் 1978-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது 1995-இல் ஒரு நடைக் கையேடும் வெளியிட்டது. தொழிலில் நிலைத்த வழக்கம் சுருக்கமாக இதுதான். டாக்டரின் வெட்டுச் சொல்லை விரித்து எழுது. 'எக்ஸாம்', 'லேப்', 'ஃப்ளூ' போல அகராதிக்குள் ஏறிவிட்ட வெட்டுச் சொற்களை விட்டுவிடலாம். காதில் தெளிவாக விழாத இடத்தில் ஊகித்து அடிக்காதே. வெற்றிடம் விட்டு, அங்கே கேள்விக் குறிப்புப் போடு. 'ஹைப்பர்', 'ஹைப்போ' இரண்டும் வேகப் பேச்சில் ஒன்று போலக் கேட்கும், ஆனால் ஒன்று அதிகம், மற்றது குறைவு. அங்கே ஊகம் என்பது காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி.

எழுத்தின் வடிவமே ஆளைக் கொல்லும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், 2004-இல் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியலே போட்டது. யூனிட் என்பதற்கு 'யூ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து கூடாது. கையெழுத்தில் அது சுழி மாதிரித் தெரிந்து 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். 1 மில்லிகிராமை 1.0 என்று எழுதக் கூடாது, புள்ளி மங்கினால் 10.

இத்தனை விதியிலும் என் மனசில் நின்றது வேறொன்று. டாக்டரின் கொச்சையை விரித்து எழுதச் சொல்லும் இதே தொழில், நோயாளியின் பேச்சு வந்தால் மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னபடியே வைக்கச் சொல்கிறது. படிக்காதவர் பேச்சைத் திருத்தி, படித்தவர் பேச்சை விட்டுவைப்பதுதானே உலக வழக்கம்? இங்கே தலைகீழ். காரணம் எளிது. "அப்பி" என்றால் விரிவு ஒன்றே ஒன்றுதான், எல்லா டாக்டருக்கும் தெரியும். "நெஞ்சை என்னமோ பண்ணுது" என்றால் அதன் விரிவு என்ன என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். டைப் அடிக்கிறவர் முந்திக்கொண்டு விரித்துவிட்டால், டாக்டர் கைக்கு வருவது டைப்பிஸ்டின் ஊகம்.

தமிழில் யார் எழுதுகிறார்கள்?

நம் ஊரில் டாக்டர் எழுதும் ஓ.பி. சீட்டு பெரும்பாலும் ஆங்கிலம்தானே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நோயாளியின் பேச்சு தமிழிலேயே எழுத்தாகும் இடங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். மருத்துவ முகாமில் முதல் மேஜையில் பெயர் பதிகிறவர் தமிழில்தான் எழுதுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்கள் காதில் விழுவதும் தமிழ். 108-க்கும் 104-க்கும் போன் போடுகிறவர் தமிழில் பேச, மறுமுனையில் ஒருவர் கேட்டுப் பதிகிறார். இந்த மேஜைகளில் உட்காரப்போவது டாக்டர் இல்லை, நம்மைப் போல டிப்ளமோ முடித்தவர்கள்.

மலையில் இது இன்னும் கனமான விஷயம். செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் வைத்தியம் வேண்டுமென்றால் நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்க வேண்டும். சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு! நல்ல உடம்புக்கே குமட்டும் பாதை. கீழே போய்ச் சேரும்போது நோயாளிக்கு நினைவு தப்பியிருக்கலாம், கூட வந்தவர் பதற்றத்தில் வாயடைத்துப் போயிருக்கலாம். அப்போது பேசுவது சீட்டு ஒன்றுதான். அதில் ஒரு சொல் மாறியிருந்தால், மேலே திரும்பிப் போய் யாரைக் கேட்பது?

ஒலியைத் திருத்தலாம், சொல்லை மாற்றக் கூடாது

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒருத்தர் வந்து, "ரெண்டு நாளா வவுத்தால போவுது" என்கிறார். என்ன அடிப்பது? மூன்று வழி இருக்கிறது. 'வவுத்தால போவுது' என்று கேட்டபடியே அடிக்கலாம். 'வயிற்றால் போகிறது' என்று எழுத்து வழக்காக்கலாம். 'வயிற்றுப்போக்கு' என்று போட்டுவிடலாம்.

முதல் இரண்டும் சரி. 'வவுறு' என்பது 'வயிறு' என்பதன் பேச்சு ஒலி, எழுத்துக்கு மாற்றினால் பொருள் கெடுவதில்லை. மேற்கோள் குறிக்குள் முதல் வடிவம், குறி இல்லாமல் எழுதினால் இரண்டாவது என்று நான் வைத்துக்கொள்கிறேன். மூன்றாவதுதான் வேண்டாம். வயிற்றுப்போக்கு என்பது நோயின் பெயர். அவர் பெயர் சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னார். தண்ணியாகப் போகிறதா, சீதமாகவா, ரத்தமாகவா, கறுப்பாகவா என்று இன்னும் கேட்கவே இல்லை. கறுப்பாகப் போனால் அது வயிற்றுக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம். 'வயிற்றுப்போக்கு' என்ற தலைப்பைப் பார்த்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து அனுப்பிவிட்டால் என்ன ஆவது?

இன்னொன்று பாருங்கள். நிறைமாசக்காரி "இடுப்பு வலிக்குது" என்கிறாள். நாகரிகமாக எழுதுகிறேன் என்று 'முதுகு வலி' என்று மாற்றினால் போச்சு. கர்ப்பிணி வாயில் இடுப்பு வலி என்றால் பிரசவ வலி. "வலி வந்திருச்சு" என்று வெறுமனே சொன்னாலும் அதுவேதான்.

"முழுகாம இருக்கா" என்பதை இந்தத் தலைமுறையில் சிலர் முதல் தடவையாகக் கேட்கலாம். மாதவிலக்கு முடிந்து தலை முழுகும் வழக்கம் உண்டல்லவா? முழுகவில்லை என்றால் விலக்கு வரவில்லை, அதாவது கர்ப்பம். இதை 'குளிக்காமல் இருக்கிறார்' என்று செந்தமிழாக்கினால் ஒரு கர்ப்பமே சீட்டிலிருந்து காணாமல் போகும். கர்ப்பிணிக்குக் கூடாத மாத்திரைகள் எத்தனையோ இருக்கின்றன. இதே வகையில் 'தூரம்'. "தூரம் நடந்தா மூச்சு வாங்குது" என்பதில் தூரம் வேறு, "தூரம் நிக்கல" என்பதில் தூரம் வேறு. இரண்டாவது, விலக்கு ரத்தம் நிற்கவில்லை என்று சொல்கிறது.

எனக்கு மிகவும் பயம் தரும் சொல், "கை கால் விழுந்துருச்சு". ஒரு பக்கம் செயலிழந்துவிட்டது என்பதை எங்க பக்கம் இப்படித்தான் சொல்வார்கள். இதைக் கேட்டு 'கீழே விழுந்துவிட்டார்' என்று பதிந்தால், எலும்பு முறிவு பார்க்க எக்ஸ்ரே வரிசையில் உட்கார வைப்பார்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டியது. மலையிலிருந்து இறங்குவதிலேயே பாதி போய்விடும். மிச்ச நேரத்தையும் ஒரு வினைச்சொல் தின்றுவிடலாமா?

இழுப்பும் இளைப்பும்

ஒலியைத் திருத்தலாம் என்று மேலே சொன்னேன். திருத்துவதற்கு முன்னால் எந்த ஒலி என்று தெரிய வேண்டும் அல்லவா? ஷார்ட்ஹேண்டில் நாம் ஒலியைக் கோடாக்குகிறோம். அது வரை பிரச்சினை இல்லை. அதை டைப்பில் விரிக்க உட்காரும்போதுதான் ல, ள, ழ மூன்றும் முன்னால் வந்து நிற்கும். பேச்சில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிட்ட வாய்கள் நம்மிடம் நிறைய உண்டு.

"எளப்பா இருக்குது" என்றால் இளைப்பு. அதிலேயே இரண்டு பொருள். "நடந்தா எளைக்குது" என்றால் மூச்சு வாங்குகிறது. "ஆளு எளச்சுப் போயிட்டான்" என்றால் உடம்பு மெலிந்துவிட்டது. இருமலோடு மெலிவு சேர்ந்தால் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மூச்சிரைப்பு என்றால் வேறு வழி. 'இளைப்பு' என்று மொட்டையாக ஒரு சொல் அடித்தால் படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்?

இழுப்பு அதைவிட மோசம். மூச்சு இழுத்தாலும் இழுப்பு, கை கால் வெட்டி இழுத்தாலும் இழுப்பு. ஒரு ஊரில் ஆஸ்துமா, அடுத்த ஊரில் வலிப்பு. போதாததற்கு, "இழுத்துக்கிட்டு இருக்குது" என்றால் உயிர் பிரியும் நிலை. ஆகவே என் நோட்டில் நான் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு: 'இழுப்பு', 'இளைப்பு' இரண்டையும் தனியே விடுவதில்லை. எது இழுக்கிறது, மூச்சா, கை காலா என்று கேட்டு, அந்த எழுவாயையும் சேர்த்தே அடிக்க வேண்டும்.

இப்படிக் கவனிக்க வேண்டிய ஜோடிகள் இன்னும் உண்டு. 'கழிச்சல்' என்றால் பேதி, 'களைச்சு' என்றால் அசதி. 'அரிப்பு' வேறு, 'எரிப்பு' வேறு. 'நெஞ்சு கரிப்பு' என்பதில் சின்ன ர, 'கறுப்பா போகுது' என்பதில் பெரிய ற. தமிழ் இரண்டாம் தாளில் இதற்கு அரை மதிப்பெண் போய்க்கொண்டிருந்தது; இங்கே போவது வேறு.

'காக்கா வலிப்பு' பற்றி ஒரு வார்த்தை. கால் கை வலிப்பு என்பதே வாயில் தேய்ந்து அப்படி ஆனது என்பார்கள். காக்காய்க்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. இதை 'கால் கை வலிப்பு' என்று திருத்தி அடிக்கலாமா? நான் அடிக்க மாட்டேன். வீட்டுக்காரர் 'காக்கா வலிப்பு' என்றால், யாரோ முன்பே அந்த நோய் என்று சொல்லியிருக்கிறார்கள் என்ற செய்தியும் அதற்குள் இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் இருக்கட்டும்.

நோயாளி பேசும் ஆங்கிலம்

மலையிலும் இப்போது ஆங்கிலம் தாராளம். "சுகர் இருக்குது, பிரஷர் இருக்குது, கேஸ் ஜாஸ்தி." இதில் 'கேஸ்' தமிழ் எழுத்தில் வயிற்று வாயுவுக்கும் ஒன்றுதான், 'டெலிவரி கேஸ்' என்பதில் வரும் கேஸுக்கும் ஒன்றுதான். 'பிட்ஸ்' என்று அடித்தால் பரீட்சை பிட் மாதிரி இருக்கிறது, 'ஃபிட்ஸ்' என்று ஆய்தம் போட்டால் வலிப்பு என்று தெரியும். ஆய்த எழுத்து கீபோர்டில் சும்மா கிடக்கிறது, இதற்காவது பயன்படுத்தலாம். மூலத்துக்கு 'பைல்ஸ்', ஆபீஸ் கட்டுக்கு 'பைல்'. எங்க மலையின் 14 ஊராட்சிகளில் ஒன்றின் பெயரே பைல் நாடு! முகவரியும் நோயும் ஒரே வரியில் வந்தால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஆங்கிலச் சொல்லில் உள்ள உண்மையான ஆபத்து எழுத்துக்கூட்டல் அல்ல. "எனக்கு அல்சர்" என்று சொல்கிறவர்களில் பலருக்கு எண்டாஸ்கோப்பி பார்த்ததே இல்லை. வயிறு எரிந்தால் நம் ஊரில் அதற்குப் பெயர் அல்சர். "அட்டாக்", "டைபாய்டு" எல்லாம் அப்படியே. ஆங்கிலத்தில் இருப்பதால் டாக்டர் வாயிலிருந்து வந்த மாதிரித் தோன்றி, டைப் அடிக்கிறவர் மேற்கோள் குறியை எடுத்துவிடுகிறார். அதோடு அது நோய் வரலாறு ஆகிவிடுகிறது. நெஞ்சுவலியை 'அல்சர்' என்று நினைத்து மாதக்கணக்கில் ஜெலுசில் குடித்தவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். 'அல்சர் என்கிறார்' என்று ஒரு வினைச்சொல் சேர்த்து அடித்தால் போதும், படிக்கிற டாக்டர் கேள்வி கேட்பார்.

பூச்சி

இந்த ஒரு சொல்லுக்குத் தனித் தலைப்புக் கொடுக்கிறேன். "வயித்துல பூச்சி" என்றால் குடற்புழு. "வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல" என்றால் குழந்தை இல்லை. "பூச்சி மருந்து" என்றால் வயலுக்கு அடிக்கும் விஷம். வயிற்றுப் பூச்சிக்கு ஹெல்த் நர்ஸ் கொடுக்கும் மாத்திரைக்கும் சிலர் அதே பேர் சொல்வார்கள். நாலாவதாக, ராத்திரி நேரத்தில் பாம்பு என்று வாய் திறந்து சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் "பூச்சி" என்பார்கள். "பூச்சி பொட்டு இருக்கும், பாத்துப் போ" என்று வெளிச்சம் இல்லாத வழியில் எச்சரிப்பார்கள்.

"பூச்சி கடிச்சிருச்சு" என்று ஒருத்தர் வந்தால் 'பூச்சிக் கடி' என்று அடித்து, அரிப்பு மாத்திரை வரிசைக்கு அனுப்பலாமா? கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில் தூங்குகிறவரைக் கடிக்கும். பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது, வலியும் வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி வரும், பிறகு கண் இமை தானாக மூடும், பேச்சுக் குழறும், மூச்சு நிற்கும். எறும்பு கடித்த மாதிரி என்று நினைத்துத் திரும்பிப் படுத்தவர்கள் உண்டு. 'பூச்சி' என்ற சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் 'என்ன பூச்சி என்று பார்க்கவில்லை என்கிறார்' என்று எழுதுவதுதான் சரியான டைப்பிங்.

கொச்சைப் பேச்சை அப்படியே எழுதி வைப்பதில் என்ன லாபம் என்பதற்கு நாடறிந்த சாட்சியும் இந்தப் பாம்பிடம்தான் இருக்கிறது. இந்தியாவில் வீட்டிலேயே இறப்பவர்கள் ஏராளம். டாக்டர் சான்று இருக்காது, காரணம் தெரியாது. அதனால் பயிற்சி பெற்ற களப்பணியாளர் இறந்தவர் வீட்டுக்குப் போய், கடைசி நாட்களில் என்னென்ன நடந்தது என்று கேட்டு, வீட்டார் சொல்வதை உள்ளூர் மொழியிலேயே அரைப் பக்கம் எழுதுகிறார். அதை இரண்டு டாக்டர்கள் தனித்தனியே படித்துக் காரணம் குறிப்பார்கள். இதற்கு ஆங்கிலத்தில் வெர்பல் அட்டாப்ஸி என்று பெயர். தமிழ்நாட்டில் டாக்டர் வி. கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் பீட்டோவும், சென்னையில் 48,000, விழுப்புரம் கிராமங்களில் 32,000 என 80,000 பெரியவர்களின் மரணத்தை இப்படி விசாரித்து 2004-இல் வெளியிட்டார்கள். 'காரணம் தெளிவில்லை' என்று கிடந்த மரணங்கள் நகரத்தில் 54 சதவீதத்திலிருந்து 23 ஆகவும், கிராமத்தில் 41-லிருந்து 26 ஆகவும் குறைந்தன. எழுதியவர்கள் டாக்டர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதே முறையில் இந்தியப் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடந்த பத்து லட்சம் மரண ஆய்வு, 2011-இல் பாம்புக்கடிக் கணக்கை வெளியிட்டது. 2005-இல் மட்டும் சுமார் 46,000 சாவுகள்! மருத்துவமனைகள் சொன்ன கணக்கைப் போல 30 மடங்குக்கு மேல். அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை மருத்துவமனைக்கு வெளியே நடந்தவை. ஏதோ ஒரு திண்ணையில் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் எழுதியதால்தான் வெளியே தெரிந்தன.

இந்த முறையைக் குறை சொல்கிறவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதே ஆய்வு 2010-இல் இந்தியாவில் மலேரியாவால் ஆண்டுக்கு 2,05,000 பேர் சாகிறார்கள் என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கோ வெறும் 15,000. காய்ச்சல் வந்து செத்தார் என்று வீட்டார் சொல்வதை வைத்து மலேரியாவைப் பிரித்து அறிய முடியாது என்று அந்த நிறுவனம் மறுத்தது. எனக்கு அந்த மறுப்பு நியாயமாகவே படுகிறது. பாம்பு கடித்ததைக் கண்ணால் பார்க்கலாம். காய்ச்சலுக்கு நூறு காரணம். சொல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் அதன்மேல் ஏற்ற முடியும். ஆனால் "விட்டு விட்டுக் குளிர் காய்ச்சல்" என்று வீட்டார் சொன்னதை எழுதுகிறவர் 'காய்ச்சல்' என்று சுருக்கியிருந்தால், தாங்கக்கூடியதும் போயிருக்கும்.

மிஷின் எழுதினால்?

"இனிமே இதெல்லாம் கம்ப்யூட்டரே எழுதிடும்" என்று என் பெஞ்ச் தோழிகள் சொல்கிறார்கள். எழுதும், மறுக்கவில்லை. ஆனால் 'விஸ்பர்' என்ற பேச்சு எழுத்தாக்கும் மென்பொருளை அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் சோதித்தபோது, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில், யாருமே பேசாத வாக்கியங்களை அது சொந்தமாக எழுதியிருந்தது. பேச்சு இடையிடையே தடைபடும் நோயாளிகளிடம் இது கூடுதலாக நடந்தது. வெற்றிடம் விடத் தெரியாத டைப்பிஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கே இந்தக் கதி என்றால், "வவுத்தால போவுது" அதன் காதில் என்னவாக விழுமோ!

பயிற்சி

பாடம் என்றால் பயிற்சி இல்லாமலா? முதலில் நான் அடித்த மாதிரி ஒன்று. பேச்சு இது:

"முந்தாநேத்து பொழுது எறங்க மெளகுக் காட்டுலேர்ந்து வந்தாரு. தல கிறுகிறுன்னு வருதுன்னு உக்காந்தாரு. எடது பக்கம் கை காலு வுழுந்துருச்சு. வாய் கோணிக்கிச்சு. பிரஷர் இருக்குது, மாத்திரை போடறதில்ல."

நான் அடித்தது:

முந்தாநாள் 'பொழுது எறங்க' (கேட்டதில்: மாலை 6 மணிவாக்கில்) மிளகுக் காட்டிலிருந்து வந்தார். தலை 'கிறுகிறுன்னு' வருவதாகச் சொல்லி உட்கார்ந்தார். 'இடது பக்கம் கை கால் விழுந்துருச்சு' (கீழே விழவில்லை, அசைக்க முடியவில்லை என்கிறார்கள்). வாய் கோணியது, எந்தப் பக்கம்: ______. 'பிரஷர்' இருப்பதாகச் சொல்கிறார்கள், மாத்திரை சாப்பிடுவதில்லை. சொன்னவர்: மனைவி.

கிறுகிறுப்பை 'மயக்கம்' என்று மாற்றவில்லை பாருங்கள். மயக்கம் என்றால் நினைவு தப்பியதாகவும் எடுத்துக்கொள்வார்கள். பொழுதை மணியாக்கும்போது இரண்டையும் வைத்தேன். 'பொழுது எறங்க' என்பது மார்கழிக்கும் சித்திரைக்கும் ஒரே மணி இல்லை. சொன்னவர் யார் என்பது கடைசி வரி, அதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது உங்களுக்கு:

"ராத்திரி வாசல்ல படுத்திருந்தா. என்னமோ பூச்சி கால்ல ஊர்ற மாதிரி இருந்துச்சுன்னா, ஒண்ணும் காணம். கோழி கூப்புடறப்ப வவுறு நோவுதுன்னா. இப்ப கண்ணு சொருகுது, பேச்சு கொளறுது. எளப்பாவும் இருக்குதுங்கறா. முழுகாம மூணு மாசம்."

அடித்து முடித்ததும், வீட்டாரிடம் திருப்பிக் கேட்க வேண்டியதை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். எனக்கு நாலு கேள்வி வந்தது. உங்களுக்கு அஞ்சு வந்தால் மூன்றாமாண்டு எம்.ஓ.பி. வகுப்புக்கு வந்து சொல்லுங்கள்.